வைரஸ் கார்ட் வாய்க்குமாறு: வன்னிப் பெருநிலம் பற்றியதோர் ஆராய்ச்சி

போர்மற் அடித்தவன் போட்டதே காவல்;
போட்டதன் பெயரும் வீட்டுளோர் அறியார்.

என்பது நூற்பா. இஃது என்னுதலிற்றோ எனின், வன்னியில் வீட்டுக் கொம்பியூட்டருக்கு வைரஸ் கார்ட் வாய்க்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. நூற்பா செய்தவரும் உரை எழுதுபவரும் ஒருவரே ஆகையால் பாடபேதம் எதுவும் இல்லை.

இதன் பொருள்: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வீட்டில் கொம்பியூட்டர் வைத்திருப்போர் தமக்கான வைரஸ் கார்ட்டைத் தாமே தெரிவதில்லை. மெசினைக் கடைசியாக யார் போர்மற் அடித்துக் கொடுத்தாரோ, அவருடைய பென்ரைவில் அன்றைக்கு எது இருந்ததோ, அதுவே அவ்வீட்டின் காவல். ஆள் மாறினால் காவலும் மாறும். "உங்கட மெசினில என்ன வைரஸ் கார்ட் கிடக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "அது சந்தியடியில கடை வச்சிருக்கிற தம்பி போட்டுத் தந்தவர்" என்று விடை வரும். கேட்டது சாமானைப் பற்றி, சொன்னது ஆளைப் பற்றி. இதைப் பிழையான விடை என்று தள்ளக்கூடாது. ஆராய்ச்சியின் முடிவே இதுதான். எஞ்சிய பக்கங்கள் வழக்கம்போல் நிரப்புவதற்காக.

சந்தையில் உள்ளவற்றை ஒப்புநோக்கி, விலையும் வேகமும் பிடிக்கும் திறனும் சீர்தூக்கி நுகர்வோர் தெரிவர் என்பாரும் உளர். அவர் ஜேர்மனியின் மக்டபர்க் நகரத்து ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரத்து ஏவி-கொம்பரேற்றிவ்ஸ் என்னும் சோதனைக்கூடங்களின் புள்ளிப் பட்டியலை எடுத்துக் காட்டுவர். அது பொருந்தாது. அப்பட்டியலைப் பார்த்துவிட்டு வைரஸ் கார்ட் போட்ட ஒருவரைப் பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் யாம் கண்டிலேம். ஆய்வு முறை என்னவெனில், கொமினிக்கேசன் கடையில் ஃபொட்டோக்கொப்பி முடியும்வரை பிளாஸ்டிக் கதிரையில் இருந்து காது கொடுத்தல். வீதக்கணக்கு எதுவும் இக்கட்டுரையில் வராது. வந்தால் நம்பிவிடுவீர்கள்.

வைரசுக்கு உலகத்தில் ஒரு வரலாறு, வன்னியில் ஒரு வரலாறு. உலக வரலாறு சுருக்கமானது. 1986இல் லாகூரில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்னும் அல்வி சகோதரர் 'பிரெயின்' என்ற வைரசை எழுதினர். அதற்குள்ளேயே தங்கள் பெயரையும் கடை விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்தனர். அந்த நாணயம் பின்வந்தோரிடம் இல்லை. 1987இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ற்ருங்கா, பாஷ்கோ என்னும் இருவர் நொட் என்ற காவலை எழுதினர். அடுத்த ஆண்டு பிராக் நகரத்துப் பாவெல் பௌடிஷ் 'வியன்னா' வைரசைக் கண்டு அதற்கு மாற்றுச் செய்தார். அது அவாஸ்ட் ஆயிற்று. 1989இல் ரஷ்யாவில் யூஜின் கஸ்பர்ஸ்கியின் மெசினுக்குள் 'கஸ்கேட்' புகுந்தது. திரையில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் விழுந்தன. அவர் அதைப் பிடித்து ஆராய்ந்ததில் ஒரு தொழிலே பிறந்தது.

அந்தக் காலத்தில் வன்னிக்கு வேறு வேலை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அற்றுப்போன தேசிய மின்வழங்கல் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போர் முடிந்த பிறகே திரும்பியது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோக் கேட்ட சனம் இது. கரண்ட் இல்லாத கொம்பியூட்டருக்கு வைரஸ் வராது. ஆகவே எந்தக் கம்பனியாலும் தரமுடியாத பூரண காவலைத் தடைச்சட்டம் வன்னிக்குப் பல ஆண்டுகள் தந்திருக்கிறது, சந்தாவும் கேட்காமல். இதை வன்னியின் வைரசற்ற பொற்காலம் என வரையறுக்கலாம். பொற்காலங்களுக்குள் இருந்தவர்களுக்கு அது பொற்காலம் என்று தெரிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2002இல் ஏ9 வீதி திறந்தது. ஜெனரேற்றர் முன்னே வந்தது, கொம்பியூட்டர் பின்னே வந்தது. இரண்டும் ஓமந்தைச் சோதனைச் சாவடியால் வந்தன. இங்கேதான் அடுத்த நூற்பா.

ஓமந்தையிற் கண்டதே ஸ்கேன் எனப்படுமே.

வைரஸ் கார்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை வேறு நாட்டவருக்குப் படம் போட்டு விளக்கவேண்டும். வன்னியாருக்கு வேண்டாம். அது ஒவ்வொரு கோப்பையும் மறித்து நிறுத்தும். கையில் உள்ள பட்டியலில் அதன் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பிடிக்கும், இல்லையென்றால் போகவிடும். பட்டியல் பழசு என்றால் புதிதாய் வந்தவன் கைவீசிக்கொண்டு போவான். பட்டியலில் இல்லாதவரையும் போக்கு, பார்வை கொண்டு சந்தேகிக்கும் இன்னொரு முறை உண்டு. அதனை ஹியூரிஸ்ரிக் என்பர். ஒரு குற்றமும் செய்யாத கோப்பை இவன்தான் என்று காட்டிவிடுவதும் நடக்கும். முகமூடித் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற தலைமுறைக்கு இதற்கும் விளக்கம் தேவையில்லை. பிடித்ததை உடனே அழிக்காமல் ஒரு பக்கமாக அடைத்து வைக்கும் இடத்துக்குக் குவாரன்ரைன் என்று பெயர். உள்ளே போனது எப்போது வெளியே வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உரியவர் போய், இது என்னுடையது, இதில் பிரச்சினை இல்லை என்று பொறுப்பேற்று மீட்கவேண்டும்.

முப்பது நாள் இலவசப் பதிப்பும் அவர்களுக்குப் புதிதன்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வவுனியாவில் தங்குவதற்கு ஒருநாட் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று இருந்தன. முடியமுன் வரிசையில் நின்று புதுப்பிக்கவேண்டும். அப்படி வாழ்ந்தவர், முப்பதாம் நாள் திரையில் சிவப்புப் பெட்டி வந்து விழுந்தால் கலங்குவாரா? கொம்பியூட்டர் மணிக்கூட்டை ஒரு மாதம் பின்னே தள்ளிவிட்டுப் போய்ப் படுப்பார். பாஸில் அந்த வசதி இருக்கவில்லை. ஆனால் இதிலும் ஒரு வினை உண்டு. மணிக்கூடு இப்படி மாதாமாதம் பின்னே போனால், இணையத்தளங்களின் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று கண்டு பிரவுசர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். காவலை நீடிக்கப்போய் இணையத்தையே இழந்து, அந்த வழியில் உண்மையிலேயே பாதுகாப்பான மெசின்களும் ஊரில் இருந்தன.

பட்டியல் புதுப்பித்தலைப் பற்றி ஒரு சொல். டொங்கிளில் வாழும் வீட்டுக்கு அப்டேற் என்பது கள்ளன். காசு கட்டிப் போட்ட டேட்டாவை அது தெரியாமல் குடித்துவிடும் என்பதால் முதல் வேலையாக அதை நிறுத்திவிடுவார்கள். நள்ளிரவுக்குப் பின் பாவிக்கவென்று தனியாகத் தரும் டேட்டா மிஞ்சித்தான் கிடக்கும். ஆனால் அந்த நேரம் மெசின் நித்திரை. ஆக, வீட்டில் வைரஸ் கார்ட் இருக்கும், அதன் கையில் இரண்டு வருடத்துக்கு முந்திய பட்டியலும் இருக்கும். ஆமிக்காரர் இந்த நிலைமையில் ஒரு நாளும் இருந்ததில்லை.

இனிக் குணம் அறியுமாறு. போட்டுத் தந்தது நல்லதா கூடாததா என்று வீட்டார் மூன்று புலன்களால் அறிவர் என்று எழுதத் தொடங்கினேன். கண்ணும் காதும் மட்டுமே தேறின.

காது முதல். பழைய கஸ்பர்ஸ்கி, வைரசைக் கண்டால் பன்றி போல வீரிட்டுக் கத்தும். கட்டுக்கதையன்று, கம்பனியே வைத்த ஒலி. மொஸ்கோவில் இருப்பவருக்கு அது விளையாட்டு. இரவில் வயலுக்குக் காவற்கொட்டில் போட்டு, நெருப்பு மூட்டி, தகரம் தட்டிப் பன்றி கலைக்கும் நாட்டில் அந்த ஒலியின் பொருள் வேறு. புதுக்குடியிருப்புப் பக்கத்து வீடொன்றில் பேரன் பென்ரைவைக் குத்தியதும் கத்திய கத்தலுக்கு அம்மம்மா ரோர்ச் லைற்றோடு எழும்பி, "எடேய், வளவுக்குள்ள பண்டி!" என்று பின்பக்கம் ஓடினார் என்பது செவிவழிச் செய்தி. பன்றி கிடைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்றுவரை கஸ்பர்ஸ்கிக்கு மதிப்பு அதிகம். கத்துகிற காவல்தான் காவல். அவாஸ்ட் பட்டியலைப் புதுப்பித்த செய்தியை ஆங்கிலத்தில் நாகரிகமாக அறிவிக்கும்; வீட்டில் அதற்கு யாரும் எழும்பியதில்லை.

கண்ணால் அறிவது எண்ணிக்கை. "இருநூறு பிடிச்சது" என்றால் நல்ல சாமான். ஒன்றும் பிடிக்காதது "சும்மா கிடக்கு". இருநூறு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு புழு ஒவ்வொரு போல்டருக்குள்ளும் தன்னை ஒருமுறை படியெடுத்து வைத்ததுதான் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்த ஸ்மடாவ் என்ற பச்சை நிறக் காவல் இங்கே ஊன்றியதற்குக் காரணம் இந்த எண்ணிக்கை மோகமே என்பது என் துணிபு. வேறொரு வைரஸ் கார்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது காவலாக இருக்கவே அதைச் செய்தார்கள். பென்ரைவில் வருவதைப் பிடிப்பது அதன் தனித்தொழில். வன்னியில் வைரஸ் இணையத்தால் வரமுன் பென்ரைவால் வந்தது ஆகையால் அதற்கு வேலை குறையவில்லை.

இந்தப் பென்ரைவு விடயத்தைச் சற்று விரித்து நோக்குவோம். கொமினிக்கேசன் கடை என்பது ஊரின் பென்ரைவுகள் யாவும் வந்து கலக்கும் இடம். ஒரு ரீச்சர் வருகிறார். கைப்பைக்குள்ளிருந்து திறப்புக் கோர்வையோடு தொங்கும் பென்ரைவை எடுத்து நீட்டுகிறார். "தம்பி, தரம் 9 இரண்டாம் தவணை எண்டு ஒண்டு கிடக்கும், அதில முப்பது கொப்பி." தம்பி குத்துகிறார். போல்டர் தெரிகிறது. ஆனால் அதன் இடப்பக்க அடி மூலையில் வளைந்த ஒரு சின்ன அம்புக்குறி. போல்டருக்கு அம்புக்குறி இருக்கக்கூடாது. பருமன் பார்த்தால் இரண்டு கிலோபைற். ஒரு தவணைப் பரீட்சை இரண்டு கிலோபைற்றுக்குள் அடங்காது. உண்மைப் போல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைத்துவிட்டுப் போயிருக்கிறது புழு. குறுக்குவழியை அமத்தினால் உள்ளே இருக்கும் வினாத்தாளும் திறக்கும், புழுவும் ஓடும். இரண்டும் சேர்ந்து நடப்பதால் எவருக்கும் சந்தேகம் வராது. கறுப்பு யன்னலொன்று கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும், அவ்வளவுதான்.

"ரீச்சர், உங்கட பென்ரைவில வைரஸ்."

"என்ர இல்லை தம்பி. போனமுறை இஞ்ச குத்தினாப் பிறகுதான் இப்பிடி."

இருவர் சொல்வதும் உண்மை. இருதரப்பும் உண்மை பேசுகிற வழக்கு நீதிமன்றத்தில்கூட அரிது. தம்பி மறுபேச்சில்லாமல் கறுப்பு யன்னலைத் தானே திறந்து, அற்றிப் என்று தொடங்கும் ஒரு வரியை, கழித்தற் குறி, சாய்கோடு எல்லாம் பிசகாமல், விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கிறார். மறைந்திருந்த போல்டர் மங்கலிலிருந்து தெளிந்து வருகிறது. ரீச்சர் மூச்சு விடுகிறார். முப்பது கொப்பிக்கு மட்டும் காசு வாங்குகிறார் தம்பி. அன்றைக்கே தீர்ந்தது: இனி அந்த ரீச்சரின் வீட்டு மெசினில் என்ன வைரஸ் கார்ட் இருக்கும் என்பதைத் தம்பிதான் தீர்மானிப்பார். எந்தச் சோதனைக்கூடத்துப் புள்ளியும் இந்தப் பத்து விநாடிக்கு ஈடாகாது. பென்ரைவைக் குத்தியதும் தானே ஓடும் ஓட்டோரன் வசதியை மைக்ரோசொவ்ற் 2011இல் ஒரு அப்டேற்றால் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது. அதன் பின்னரே இந்தக் குறுக்குவழிப் புழுக்கள் தழைத்தன. தானே ஓட முடியாத புழு, ரீச்சரின் விரலால் ஓடக் கற்றுக்கொண்டது.

பாமினி பற்றியும் இவ்விடத்தே கூறுக. யூனிகோட் வந்த பின்னும் இங்கே தட்டச்சு பாமினியில்தான் நடக்கிறது. பழக்கத்தில் கோப்பின் பெயரையும் அதே விசைகளால் அடித்துவிட்டால், அது தாறுமாறான ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். வைரஸ் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயரும் அப்படித்தான் இருக்கும். புழுவை விட்டுவிட்டு மகளின் பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழை அழித்தவர்கள் உண்டு. இது வைரஸ் கார்ட்டின் குற்றமன்று.

அடுத்து, காசு. பெட்டியில் வரும் கஸ்பர்ஸ்கியை வவுனியாக் கடைகளில் வாங்கலாம், வாங்குவோரும் உளர். 2022இல் ரூபா விழுந்து டொலர் முந்நூற்றறுபதைத் தொட்டபோது அவர்கள் தொகை குறைந்திருக்கவேண்டும், அதை அளக்க வழியில்லை. ஏனையோர் கிராக் போடுவர். அதற்கான நூற்பா:

காவலை நிறுத்திக் காவலை நுழைக்க.

என்றது என்னையோ எனின், கிராக் செய்த வைரஸ் கார்ட்டை ஏற்றும்போது இருக்கிற வைரஸ் கார்ட் அந்தக் கிராக்கையே வைரஸ் என்று பிடிக்கும். ஆகையால் முதலில் காவலை நிறுத்தவேண்டும். நிறுத்திய அந்த இடைவெளியில் கிராக்கோடு கூட வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்ப் பாய் விரிப்பார்கள். பின் புதுக்காவலன் எழும்பித் தன்னைக் கொண்டுவந்தவனையே பிடித்து அடைப்பான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. சட்டத்துக்கு முன்னமே வைரஸ் கார்ட் சொல்லிவிட்டது. இருவரையும் ஒருங்கே நிறுத்திவைக்கும் வசதி மெசினில் உண்டு.

அயல்வீட்டுக்காரர் இருவர், அவாஸ்ட்டா ஏவிஜியா என்று வேலியடியில் நின்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் மற்றவரின் மருமகனைத் தாக்கும் அளவுக்கு அது போனது, ஏனெனில் போட்டுத் தந்தவர் மருமகன். 2016இல் ஏவிஜியை அவாஸ்ட் வாங்கிவிட்டது. 2022இல் அவாஸ்டும் நோர்ட்டனும் ஒன்றாகி ஜென் டிஜிற்றல் ஆயின. அவிரா அதற்கு முன்பே நோர்ட்டன் வீட்டுக்குப் போய்விட்டது. நான்கு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைக்கின்றன, வேலி மட்டும் இங்கே கிடக்கிறது. இலவசம் என்று போட்ட அவாஸ்ட் தன் பாவனையாளரின் இணைய உலாவல் தரவைத் துணைக் கம்பனியால் விற்றதற்காக, 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுக்கு ஒரு கோடி 65 இலட்சம் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. காவற்காரனே வீட்டு விபரத்தை விற்றான் என்பது இந்நிலத்தில் யாரையும் திடுக்கிட வைக்கும் செய்தியன்று. அதே ஆண்டு யூன் மாதம் கஸ்பர்ஸ்கியை விற்க அமெரிக்கா தடை விதித்தது. அதைத் தேநீர்க்கடையில் சொன்னேன். "அமெரிக்காக்காரன் வேண்டாம் எண்டா சாமான் திறமாத்தான் இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். சென்னையில் 1991இல் ஜே. கேசவர்த்தனன் தொடங்கிய கே7 என்னும் காவலும் உண்டு. தமிழர் செய்த வைரஸ் கார்ட் என்று சொல்லிப் பார்த்தேன். "போர்மற் அடிக்கிற பெடியனிட்ட அது இல்லையே" என்றார்கள். முதல் நூற்பா இனத்தையும் கடந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், எல்லா மெசினிலும் விண்டோசோடு பிறக்கும் டிபெண்டர் யாது எனின், அது காவலருள் வைத்து எண்ணப்படாது. 2012இன் விண்டோஸ் 8 முதல் அது உள்ளேயே இருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் அந்த மக்டபர்க் சோதனைகளில் முழுப் புள்ளியும் எடுத்திருக்கிறது. ஆனால் யாரும் கொண்டுவந்து போடவில்லை, காசு கொடுக்கவில்லை, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கவில்லை. ஆகவே அதை யார் நம்புவது? அதற்கு முன்பு 2009இல் மைக்ரோசொவ்ற் இலவசமாக விட்ட செக்கியூரிற்றி எசென்சியல்ஸ், விண்டோஸ் அசல்தானா என்று கேட்டது. வன்னியில் அது வாசலிலேயே நின்றுவிட்டது.

உரையாசிரியன் கருத்தைக் கேட்பின், வீட்டுப் பாவனைக்கு டிபெண்டரே போதும். அதை நிறுத்தாமல் விட்டால் சரி, அப்டேற்றையும் விட்டுவைத்தால் இன்னும் சரி. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. பதினொன்றைத் தாங்காத பழைய மெசின்கள் இங்கே நிறைய. அவற்றுக்கு எந்தக் காவல் போட்டாலும் பின்கதவு பழுதாகித்தான் கிடக்கும்.

விரிக்கிற் பெருகும். எஞ்சியவற்றை வல்லார்வாய்க் கேட்டுணர்க. வல்லார் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு கடையில் இருப்பார். வீட்டுக்குக் கூப்பிட்டால் பெற்றோல் காசு தனி. படங்களையும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுப் போங்கள், அவர் முதலில் கேட்கப்போவது, "அக்கா, சீயில முக்கியமானது ஏதும் கிடக்கா? போர்மற் அடிக்கப் போறன்" என்பதைத்தான்.